கால்களை அமுக்கினால் நெஞ்சுவலி குறையுமா? 'அறுவை இல்லாத' ஈஈசிபி சிகிச்சை பற்றி அறிந்துகொள்வோம்

பிடோக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கோப்பிக் கடை மேசையில் தே ஹாலியா ஆறிக்கொண்டிருக்கிறது. அப்பா கைத்தொலைபேசியை நீட்டுகிறார்.

"இதப் பாரு. ஆபரேஷனே இல்லாம இதய அடைப்ப சரி பண்றாங்களாம். கால்ல பட்டை கட்டி அமுக்குறாங்க, அவ்வளவுதான். அப்புறம் எதுக்கு நெஞ்சைப் பொளக்கணும்?"

போன வாரம்தான் மருத்துவர் 'பைபாஸ்' என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறார். அம்மா பேசாமல் இருக்கிறார். எல்லாரும் உங்களைப் பார்க்கிறார்கள். வீட்டில் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த பிள்ளை நீங்கள்தானே? கூகளில் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு கேள்வி எந்த வீட்டிலும் வரலாம். காணொளியில் காட்டப்படும் அந்தச் சிகிச்சைக்கு உண்மையிலேயே ஒரு பெயர் உண்டு, வரலாறு உண்டு, ஆய்வுகளும் உண்டு. காணொளி சொல்வது எவ்வளவு சரி என்பதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்

- சிகிச்சையின் பெயர் 'என்ஹான்ஸ்ட் எக்ஸ்டர்னல் கவுன்டர்பல்சேஷன்'. சுருக்கமாக ஈஈசிபி.
- இது மோசடி அல்ல. மருந்தாலும் மற்றச் சிகிச்சைகளாலும் அடங்காத நெஞ்சுவலிக்கு ஒரு வாய்ப்பாக மருத்துவ வழிகாட்டிகளில் இடம்பெற்றிருக்கிறது.
- ஆனால் இது ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பைபாஸ் தேவைப்படுவோருக்கு அதற்கு மாற்றும் அல்ல.
- மாரடைப்பு வரும் நேரத்தில் செய்யும் சிகிச்சை இது அல்லவே அல்ல.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஆஞ்சைனா என்றால் என்ன?

இதயம் ஒரு தசை. மற்றத் தசைகளைப் போல அதற்கும் ரத்தம் தேவை. அந்த ரத்தத்தைக் கொண்டுவருபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கொரோனரி ரத்தக் குழாய்கள்.

அந்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு சேர்ந்து வழி குறுகும்போது, சும்மா உட்கார்ந்திருக்கையில் பிரச்சினை தெரியாது. மாடிப்படி ஏறும்போது, பேருந்தைப் பிடிக்க ஓடும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படும். குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அப்போது நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிச்சல் வரும். சிலருக்கு வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவும். கொஞ்சம் நின்றால் அடங்கிவிடும்.

அதுதான் ஆஞ்சைனா. மாரடைப்பு வேறு. மாரடைப்பில் குழாய் திடீரென அடைபட்டு, இதயத் தசையின் ஒரு பகுதி சாகத் தொடங்குகிறது. ஆஞ்சைனாவில் தசை சாவதில்லை, பட்டினி கிடக்கிறது.

ஆஞ்சைனாவுக்கு வழக்கமான சிகிச்சை மூன்று படிகள்:

- மருந்துகள்: ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், இதயத்தின் வேலைப் பளுவைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை போன்றவை.
- ஆஞ்சியோபிளாஸ்டி: மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, 'ஸ்டென்ட்' என்ற கம்பிச் சுருளைப் பொருத்துவது.
- பைபாஸ்: உடலின் வேறு இடத்திலிருந்து ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புதுப் பாதை அமைக்கும் அறுவைச் சிகிச்சை.

ஈஈசிபி எப்படி வேலை செய்கிறது?

ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றுவார்களே, காற்றடைக்கும் பட்டை? அதையே பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈஈசிபியில் மூன்று ஜோடிப் பட்டைகள்: கெண்டைக்காலில் ஒன்று, தொடையின் கீழ்ப்பகுதியில் ஒன்று, தொடையின் மேற்பகுதியையும் இடுப்பையும் சேர்த்து ஒன்று.

நோயாளி மெத்தையில் படுத்துக்கொள்வார். நெஞ்சில் இசிஜி ஒயர்கள் ஒட்டப்படும். இயந்திரம் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் சூட்சுமம். இதயம் ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மா மாதிரி. அது சுருங்கி உடலுக்கு ரத்தத்தை அனுப்பும் நேரத்தில், அதன் தசையே தனக்கு வரும் குழாய்களை நெரித்துவிடுகிறது. அதனால் இதயத்தின் முக்கியமான இடது கீழறை தனக்கான ரத்தத்தின் பெரும்பகுதியைப் பெறுவது துடிப்புகளுக்கு இடையே அது தளர்ந்திருக்கும் கணங்களில்தான்.

அந்தத் தளர்வு நேரத்தில் பட்டைகள் கீழிருந்து மேலாக, ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கும் குறைவான நேரத்தில் இறுகுகின்றன. கால்களில் உள்ள ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்தின் சொந்தக் குழாய்களுக்குக் கூடுதல் அழுத்தத்தோடு ரத்தம் போகிறது.

இதயம் மறுபடி சுருங்குவதற்குச் சற்று முன்பு எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் தளர்கின்றன. கால்களின் குழாய்கள் திறந்துகொள்வதால், இதயம் ரத்தத்தைத் தள்ள வேண்டிய எதிர்ப்பு குறைகிறது. வரவு கூடுகிறது, வேலை குறைகிறது.

பட்டைகளின் அழுத்தம் 250 முதல் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். வழக்கமான ரத்த அழுத்தம் 120/80 என்பதை நினைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பலமான அமுக்கல் என்பது புரியும்.

ஒரு முறை படுத்தால் ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள். ஏழு வாரம். மொத்தம் 35 மணி நேரம். அதுதான் வழக்கமான முழுச் சிகிச்சை.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. சில விளம்பரங்களைப் பார்த்தால் நேற்று வந்தது போலத் தோன்றும். ஆனால் இந்த எண்ணத்துக்கு 70 வயதுக்கு மேல்.

இதயத்தின் தளர்வு நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் அதற்கு அதிக ரத்தம் கிடைக்கும் என்று அமெரிக்காவின் கான்ட்ரோவிட்ஸ் சகோதரர்கள் 1950களின் தொடக்கத்திலேயே விளக்கினர். அதே எண்ணத்திலிருந்து இரண்டு கருவிகள் பிறந்தன.

ஒன்று, உடலுக்குள் பெருந்தமனியில் வைக்கப்படும் பலூன். ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் அதை 1967இல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். மற்றொன்று, உடலுக்கு வெளியே கால்களை அமுக்கும் கருவி.

வெளிப்புறக் கருவியின் ஆரம்ப வடிவங்கள் அவ்வளவாக வெற்றிபெறவில்லை. சீனாவின் குவாங்சோவில் டாக்டர் ஜெங் ஜென்ஷெங் தலைமையிலான குழு, பட்டைகளைக் கீழிருந்து மேலாக வரிசையாக இறுக்கும் முறையை உருவாக்கியபோதுதான் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. சீன மருத்துவமனைகளில் அது பரவியது. பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பிச் சென்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995இல் ஆஞ்சைனாவுக்காகக் கருவியை விற்க வழிவிட்டது. 1999இல் அந்நாட்டின் மூத்தோர் காப்புறுதித் திட்டமான மெடிகேர், கடுமையான ஆஞ்சைனா இருந்தும் அறுவைச் சிகிச்சைக்கு உகந்தவராக இல்லாத நோயாளிகளுக்கு அதன் செலவை ஏற்கத் தொடங்கியது.

இன்று சென்னை உட்பட இந்திய நகரங்கள் பலவற்றில் ஈஈசிபி நிலையங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் தனியார் துறையில் கிடைக்கிறது. "இங்க வேணாம்னா சென்னைக்குப் போய்ச் செஞ்சுக்கலாம்" என்ற பேச்சு வருவதும் அதனால்தான்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஈஈசிபி பற்றிய மிக முக்கியமான ஆய்வு 1999இல் வெளியானது. பெயர் மஸ்ட்-ஈஈசிபி. அதில் 139 ஆஞ்சைனா நோயாளிகள் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு உண்மையான அழுத்தம். மீதிப் பேருக்கு அதே கருவி, அதே பட்டைகள், ஆனால் பலன் தராத அளவுக்குக் குறைந்த அழுத்தம். அதாவது பாவனைச் சிகிச்சை.

முடிவுகள் கலவையாக இருந்தன:

- நடைப்பொறியில் நடக்கும்போது இதயத்தில் ரத்தக் குறைவு இசிஜியில் தெரிய ஆகும் நேரம், உண்மையான சிகிச்சை பெற்றோருக்கு 337 விநாடியிலிருந்து 379 விநாடியாகக் கூடியது. பாவனைச் சிகிச்சை பெற்றோருக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை.
- உண்மையான சிகிச்சை பெற்றோருக்கு நெஞ்சுவலி வரும் தடவைகளும் குறைந்தன.
- ஆனால் மொத்தம் எவ்வளவு நேரம் நடக்க முடிந்தது என்பதில் இரு குழுக்களும் முன்னேறின. அவற்றுக்கு இடையே உறுதியான வேறுபாடு இல்லை.
- கால் வலி, தோல் சிராய்ப்பு போன்ற தொல்லைகள் உண்மையான சிகிச்சை பெற்றோரிடம் அதிகம்.

42 விநாடி என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நிற்காமல் நடக்க முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு அதுவாகக்கூட இருக்கலாம்.

2010இல் வந்த இன்னொரு ஆய்வு, 42 நோயாளிகளிடம், ஈஈசிபிக்குப் பிறகு ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் மேம்பட்டதைப் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டுக் காட்டியது. வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசும்போது அது ஆரோக்கியமாகிறது என்பது விளக்கம். உடற்பயிற்சி செய்யும்போது நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் சிலர் ஈஈசிபியை 'படுத்துக்கொண்டே செய்யும் உடற்பயிற்சி' என்கிறார்கள்.

சிகிச்சை பெற்றோரின் விவரங்களைத் திரட்டிய அனைத்துலகப் பதிவேடும் உண்டு. அதில் ஏறத்தாழ நான்கில் மூவர் நெஞ்சுவலியின் கடுமை குறைந்ததாகக் கூறினர். விளம்பரங்களில் அடிக்கடி வரும் எண் அது. ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கப் பாவனைச் சிகிச்சைக் குழு கிடையாது.

இதயச் செயலிழப்புக்கு இது உதவுமா என்று 187 பேரிடம் நடத்திய பீச் ஆய்வு 2006இல் வெளியானது. ஈஈசிபி பெற்றோரில் 35 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 25 விழுக்காட்டினருக்கும் உடற்பயிற்சி நேரம் குறைந்தது ஒரு நிமிடம் கூடியது. ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவில் வேறுபாடு இல்லை.

2010இல் கோக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் ஆஞ்சைனாவுக்கான ஈஈசிபி ஆய்வுகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தனர். அவர்களது தர அளவுகோலில் தேறியது ஒன்றே ஒன்று: அந்த 139 பேர் ஆய்வு. உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பது அவர்களது முடிவு.

இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உடற்பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட இதய மறுவாழ்வுத் திட்டங்களைப் பற்றி 2021இல் கோக்ரேன் வெளியிட்ட மதிப்பீட்டில் 85 ஆய்வுகள், 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். இதய நோயால் வரும் மரணத்தையும் மாரடைப்பையும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையையும் அவை குறைக்கின்றன என்று தெரியவந்தது. அப்படி உயிரைக் காக்கும் ஆதாரம் ஈஈசிபிக்கு இல்லை.

பாவனைச் சிகிச்சைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

"எங்க மாமா செஞ்சுக்கிட்டாரு, இப்ப நல்லா இருக்காரு." இந்த வாக்கியத்தை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். மாமா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே சுகமாக இருக்கிறது.

ஆனால் வலி ஒரு விநோதமான விஷயம். ஏழு வாரம் தினமும் ஒருவர் அன்போடு கவனித்து, இதயத் துடிப்பைப் பார்த்து, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாலே பலருக்கு வலி குறையும். மாத்திரையை ஒழுங்காகப் போடத் தொடங்குவார்கள். நடக்கத் துணிவு வரும். அதில் கருவியின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறியத்தான் பாவனைச் சிகிச்சை.

ஈஈசிபிக்கு மட்டும் இந்தச் சோதனை என்று நினைக்க வேண்டாம். ஸ்டென்ட்டும் அதே சோதனைக்கு ஆளானது. பிரிட்டனில் 200 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஓர்பிட்டா ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்டிருந்த நிலையான ஆஞ்சைனா நோயாளிகளிடம் ஸ்டென்ட்டுக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் உடற்பயிற்சி நேரத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இதய மருத்துவ உலகமே அதிர்ந்தது. 2023இல் வந்த இரண்டாவது ஓர்பிட்டா ஆய்வில், ஆஞ்சைனா மருந்துகளை நிறுத்தியிருந்த 301 பேரிடம் ஸ்டென்ட் வலியைக் குறைத்தது தெளிவானது.

முன்பு சொன்ன உட்புற பலூனுக்கும் சோதனை வந்தது. மாரடைப்புக்குப் பிறகு ரத்த அழுத்தம் சரிந்த 600 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், பலூன் மரணத்தைக் குறைக்கவில்லை. எண்ணம் அழகாக இருப்பதால் மட்டும் ஒரு சிகிச்சை உயிரைக் காத்துவிடாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்போ அடைப்பு கரையாதா?

கரையாது. காணொளிகளில் வரும் மிகப் பெரிய குழப்பம் இதுதான்.

கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாகக் குழாய்ச் சுவருக்குள் உருவாகும் ஒன்று. அதில் சுண்ணாம்புகூட படிந்திருக்கும். காலை அமுக்கி அதைக் கழுவி வெளியேற்ற முடியாது. குழாய் என்ன, சமையலறைத் தொட்டியின் பைப்பா?

ஈஈசிபிக்குப் பிறகு வலி குறைவதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் வேறு: ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்துகொடுக்கின்றன, அடைப்பைச் சுற்றியுள்ள சிறு கிளைக் குழாய்கள் திறந்துகொள்ளக்கூடும், உடல் பயிற்சி பெற்றதுபோல் ஆகிறது. சில விளம்பரங்கள் இதை 'இயற்கை பைபாஸ்' என்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய அடைப்பு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இன் இறுதியில் இந்தக் கருவிகளுக்கான விதிகளை மறுஆய்வு செய்தபோது எடுத்த நிலைப்பாடும் கவனிக்கத்தக்கது. மருந்துகளாலும் அடங்காமல், ஸ்டென்ட், பைபாஸ் வாய்ப்பும் இல்லாத நாட்பட்ட ஆஞ்சைனாவுக்கு மட்டும் விதிகள் சற்றுத் தளர்த்தப்பட்டன. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவற்றுக்கு மிகக் கடுமையான பிரிவிலேயே வைக்கப்பட்டன.

ஐரோப்பிய இதய மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டியும் ஏறக்குறைய அதையே சொன்னது: மற்ற வழிகள் பலிக்காதபோது வலியைத் தணிக்க ஈஈசிபியை 'பரிசீலிக்கலாம்'. 'செய்ய வேண்டும்' என்று சொல்லவில்லை.

யாருக்கு உதவலாம், யாருக்குக் கூடாது?

உதவக்கூடியவர்கள்: மருந்துகளை முழு அளவில் எடுத்தும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் முடிந்த பிறகும் வலி விடாதவர்கள், ரத்தக் குழாய்கள் மிகச் சிறியதாகவோ உடல்நிலை பலவீனமாகவோ இருப்பதால் அறுவைச் சிகிச்சை செய்ய முடியாதவர்கள். அன்றாட வாழ்க்கையே முடங்கிப்போன அவர்களுக்கு வலி குறைவதே பெரிய விஷயம்.

தவிர்க்க வேண்டியவர்கள்:

- காலின் ஆழ்நாளங்களில் ரத்தக் கட்டி உள்ளவர்கள்
- கால் ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு உள்ளவர்கள்
- பெருந்தமனி வீங்கியிருப்பவர்கள்
- பெருந்தமனி வால்வில் கடுமையான கசிவு உள்ளவர்கள்
- கட்டுக்கடங்காத உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள்
- இதயத் துடிப்பு மிகவும் ஒழுங்கற்று இருப்பவர்கள். கருவியால் துடிப்பைப் பின்தொடர முடியாது
- ரத்தக் கசிவுக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள்

நீரிழிவு நோயாளிகளுக்குக் கால் ரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். காலில் ஆறாத புண்ணும் இருக்கலாம். ஆகவே கால்களைச் சோதிக்காமல் நேரே படுக்க வைக்கும் இடம் என்றால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

இதில் நமக்கு என்ன?

சிங்கப்பூரில் 2023இல் நிகழ்ந்த மரணங்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் காரணம் இதய, ரத்தக் குழாய் நோய்கள். சீனர்களோடு ஒப்பிடும்போது இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் இதய நோய் அதிகம் என்பதை இங்கு நடந்த ஆய்வுகள் பல ஆண்டுகளாகவே காட்டிவருகின்றன. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாண்டுக்கும் மேல் முன்னதாக, சராசரியாக 53 வயதில் வருவது தெரியவந்தது.

நீரிழிவும் நம்மிடம் அதிகம். இங்கேதான் விஷயம் கூர்மையாகிறது.

நீரிழிவோடு பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரிடம் நடத்திய ஃப்ரீடம் ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்தாண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஸ்டென்ட் பெற்றோரில் 26.6 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. பைபாஸ் செய்துகொண்டோரில் 18.7 விழுக்காடு. அதாவது அந்த வகை நோயாளிகளுக்கு பைபாஸ் வலியைக் குறைப்பதோடு ஆயுளையும் காக்கிறது.

இப்போது கோப்பிக் கடை மேசைக்குத் திரும்புங்கள். அப்பாவுக்கு நீரிழிவு, மூன்று குழாய்களில் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர் பைபாஸைத் தள்ளிப்போட்டு ஏழு வாரம் ஈஈசிபிக்குப் போகிறார். வலி குறைகிறது. "பாத்தியா, ஆபரேஷன் வேணாம்னேன்ல?" என்கிறார். வலி குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் ஆபத்து குறைந்ததா? வலி என்பது எச்சரிக்கை மணி. மணியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தீ அணைந்துவிட்டது என்று நினைப்பதுதான் இதில் உள்ள உண்மையான அபாயம்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா அடைப்புக்கும் உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவையில்லை. 5,179 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நிலையான இதய நோயுள்ள பலருக்கு, நல்ல மருந்துச் சிகிச்சையோடு தொடங்குவதும் உடனடியாக ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதும் மரணம், மாரடைப்பு விஷயத்தில் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. ஆனால் இடது முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே "ஆபரேஷன் அவசியமா?" என்று அப்பா கேட்பது தவறான கேள்வியே அல்ல. காணொளியிடம் கேட்பதற்குப் பதில் இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவும் நேரமும்

35 மணி நேரம் என்பது 35 பயணம். ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் அப்பாவை யார் கூட்டிக்கொண்டு போவது? வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது சாதாரணக் கேள்வி இல்லை.

பணமும் அப்படித்தான். ஒரு முறைக்கான கட்டணத்தை 35ஆல் பெருக்கிப் பாருங்கள். மெடிசேவ், மெடிஷீல்ட் லைஃப், தனியார் காப்புறுதி எதில் எவ்வளவு கிடைக்கும் என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். 'தொகுப்பாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்றால், பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

உரிமம் பெற்ற சிங்கப்பூர் மருந்தகங்கள் நினைத்தபடி விளம்பரம் செய்ய முடியாது. சுகாதாரச் சேவைச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள், விளம்பரத்தில் சொல்லப்படுவது சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், நியாயமற்ற எதிர்பார்ப்பை உண்டாக்கக்கூடாது என்கின்றன. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப் வழி வரும் காணொளிக்கு அந்த வேலி இல்லை.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

பிடோக் மையத்தில் உள்ள 'ஹார்ட்பீட்@பிடோக்' கட்டடத்தில் நூலகம், விளையாட்டு நிலையத்தோடு பலதுறை மருந்தகமும் இருக்கிறது. கிழக்கு வட்டாரவாசிகள் பலர் சாங்கிப் பொது மருத்துவமனைக்கோ ஊட்ரமில் உள்ள தேசிய இதய நிலையத்துக்கோ அனுப்பப்படுவார்கள். எங்கே போனாலும் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

1. எந்தெந்தக் குழாயில் அடைப்பு? இடது முக்கியக் குழாயில் உண்டா?
2. நீங்கள் சொல்லும் சிகிச்சை வலிக்காகவா, உயிரைக் காக்கவா, இரண்டுக்குமா?
3. மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா?
4. அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆபத்து? எத்தனை நாள் காத்திருக்கலாம்?
5. இதய மறுவாழ்வுத் திட்டத்தில் சேரலாமா?
6. இவையெல்லாம் முடிந்தும் வலி விடாவிட்டால், ஈஈசிபி இவருக்குப் பொருந்துமா? கால்களின் ரத்தக் குழாய்கள் அதைத் தாங்குமா?

ஈஈசிபி ஆறாவது கேள்வியில் வருவதைக் கவனித்தீர்களா? அதற்குரிய இடம் அதுதான்.

அப்பா தமிழில்தான் கேள்வி கேட்பார் என்றால் நீங்களும் உடன் போங்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லும் 'ரிஸ்க்' என்ற ஒரு சொல், வீட்டுக்கு வருவதற்குள் 'உயிருக்கு ஆபத்தாம்' என்று மாறிவிடுவது உண்டு. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் காணொளி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை மட்டும் மறக்க வேண்டாம்

சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வந்தால், ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால், வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்து வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 995ஐ அழையுங்கள். நீங்களே காரோட்டிக்கொண்டு போக வேண்டாம். அந்த நேரத்தில் அடைபட்ட குழாயைத் திறக்கும் சிகிச்சை உயிரைக் காக்கும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மருத்துவர் சரி என்றால், இலவசமாகக் கிடைக்கும் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பாதை சுமார் 4.3 கிலோமீட்டர். முழுச் சுற்றும் வர வேண்டியதில்லை. முதல் நாள் 10 நிமிடம் போதும். பட்டை கட்டாமலேயே கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளும்.

"எதுக்கு நெஞ்சைப் பொளக்கணும்?" என்ற அப்பாவின் கேள்விக்குப் பின்னால் இருப்பது அறியாமை இல்லை, பயம். அதைக் கிண்டல் செய்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "வாங்கப்பா, இந்தக் கேள்விய டாக்டர்கிட்டயே கேட்போம், நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.